எச்சில் பட்ட நாசில்

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் அம்மா. அதனால்தான் காலையிலேயே வந்துவிட்டேன். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. என் வயதில் அதுவே ஒரு பாக்கியம். வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். பையில் இருக்கிறது. வாடுவதற்குள் யாரையாவது விட்டு என் வீட்டில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். நான் இன்று வீட்டுக்குப் போவேன் என்று தோன்றவில்லை.

பெயர் மாணிக்கவாசகம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறியில் உட்காராமல் டீசல் இஞ்சினுக்கு அடியில் படுத்தவன். எனக்கு எதிர் ஷெட்காரன் சத்யராஜை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போன பஸ் எரிந்ததற்கு அவன் செய்த இஞ்சின் வேலைதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எழுத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னைப் புளுகு மாணிக்கம் என்பார்கள். ஒரு தடவை டிப்பர் லாரி ஒன்று இஞ்சின் இறுகி என் ஷெட்டுக்கு வந்தது. திறந்து பார்த்தால், மூன்றாவது பிஸ்டன் உருகி, வழிந்து, ஆறி, அச்சு அசல் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. வலம்புரித் தும்பிக்கை வேறு. லாரிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதைக் கொண்டுபோய்ப் பாலாற்றங்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் வைத்தார். அந்தப் பிள்ளையாருக்கு நல்லெண்ணெய் ஆகாது. இஞ்சின் ஆயிலில்தான் அபிஷேகம். சதுர்த்தியன்று கூட்டம் தாங்காது. நீங்கள் போய்த் தேடி, அங்கே ஒன்றும் இல்லையென்றால், மரம் மாறிப் பார்த்திருப்பீர்கள்.

இப்படிப் பேசுகிறவன் நிஜத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தக் கஷ்டம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

டைப் அடிக்கிற தம்பிக்கு இஞ்சின் தெரியாது போலிருக்கிறது. கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோர்ட்டில் கண்டபடி வாசிப்பார்கள். பெரிய டீசல் இஞ்சினில் பிஸ்டன் என்பது கவிழ்த்துவைத்த சொம்பு மாதிரி. அதன் தலைமேல் ஓயாமல் நெருப்பு வெடிக்கும். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்கு வெளியேதான் சுற்றும், பிஸ்டனைத் தொடாது. மேலும் கீழும் பறந்துகொண்டிருக்கிற சாமானுக்குக் குழாய் போட முடியுமா? அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கு அடியிலும் குட்டியாக ஒரு நாசில் வைத்திருப்பார்கள். சுண்டுவிரல் நீளம், நுனியில் ஊசித்துளை. அது கீழேயிருந்து எண்ணெயைப் பிஸ்டனின் அடிவயிற்றில் பீச்சிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் தலைக்குள் வளையமாக ஒரு வாய்க்கால் உண்டு. எண்ணெய் ஒரு துளையில் ஏறி, உள்ளே சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு துளையில் இறங்கிவிடும். தலையில் தீச்சட்டி, அடியில் குளியல். இதுதான் ஏற்பாடு.

அந்தக் குளியல் நின்றுபோனால், நிறுத்திவைத்து ஓட்டுகிற இஞ்சினில் ஒன்றும் தெரியாது. சோதித்துப் பார்க்கிறவன் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவான். ஆள் ஏற்றி, வேகம் பிடித்து, நெடுந்தூரம் போகும்போதுதான் பிஸ்டன் காயும். காய்ந்தால் வீங்கும். வீங்கினால் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதைத் தள்ளுகிற இரும்புத்தண்டுக்கு வேறு போக்கிடம் ஏது? இஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கொதிக்கிற எண்ணெயும் கூடவே வரும்.

அது இருக்கட்டும். சத்யராஜின் அப்பா யேசுதாஸைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னிடம் தலைநரைக்கும் வரை வேலை பார்த்தவன். இஞ்சினைப் பிரித்தால் சாமான்களைக் கழுவி, துடைத்து, வரிசையாக எடுத்துவைப்பது அவன் பொறுப்பு. நான் சாதி பார்க்கிறவன் இல்லை, அம்மா. அவனை வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். அவனுக்கென்றே தனியாக ஒரு டம்ளர் வாங்கி, அதில் அவன் பெயரை வெட்டிக் கொடுத்தேன். வேறு எந்த முதலாளி அப்படிச் செய்வான்? ஷெட்டுக்கு வெளியே ஆணியில் அது தொங்கும். அவன் கல்யாணத்துக்கும் போனேன். சாப்பிடவில்லை, அன்று எனக்கு விரதம். பையனுக்கு ஞானஸ்நானம் என்றான், போனேன். அன்றும் விரதம். வீடு கட்டிப் பால் காய்ச்சியபோதும் விரதம். எனக்கு விரதங்கள் அதிகம்.

அந்தப் பையன் சத்யராஜ் படித்தான். வெளியூர் லாரி கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டு திரும்பி வந்து, என் ஷெட்டுக்கு நேர் எதிரே ஷெட் போட்டான். அவன் அப்பன் என்னை மொதலாளி என்பான். இவன் முதல் நாளே ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டி, "இன்னா அங்கிள், சாப்டீங்களா?" என்றான்.

அங்கிள். எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு புது உறவு கிடைத்தது.

கொஞ்ச நாளில் என்னிடம் வந்துகொண்டிருந்த வண்டிகள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நிற்க ஆரம்பித்தன. கம்பெனி பஸ்கள் ஓட்டுகிற பிரேம்நாத்தும் அங்கே போய்விட்டார். பொறாமையில் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள். பொறாமை எனக்குப் பழக்கமில்லை. எனக்கு வந்தது வேறு. அதை என்னவென்று சொல்வது? சோற்றில் முடி கிடந்தால் வயிற்றிலிருந்து ஒன்று மேலே வருமே, அது.

ஒரு மத்தியானம் அவன் ஷெட்டுக்குப் போனேன். மரியாதைக்குத்தான். அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தான். உதடு கொழுப்பில் பளபளவென்று மினுங்கியது. வாயோரம் ஒரு பருக்கை. என்ன கறி என்று நான் கேட்கவில்லை. என் மூக்குக்குக் கேட்கவேண்டிய அவசியமில்லை. தென்னேரி ஏரிக்கரையில் நின்றுகொண்டு, வாலாஜாபாத்தில் போகிற லாரிக்கு ஆயில் மாற்றி எத்தனை மாதமாயிற்று என்று சொல்லுகிற மூக்கு இது. அவன் கையைக் கழுவினான். வாயைக் கொப்பளித்தானா என்று பார்த்தேன். கொப்பளிக்கவில்லை. மேஜையில் கழுவி வைத்திருந்த நாசில்களில் ஒன்றை எடுத்து, அந்த உதட்டில் வைத்து, கன்னம் உப்ப ஊதினான். நுனியில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"கம்ப்ரஸர இன்னாத்துக்கு வாங்கி வெச்சிருக்கற?" என்றேன்.

"அது கெடக்குது அங்கிள். வாயில ஊதுனாதான் லேசா அடைச்சிருந்தாலும் கன்னத்துக்குத் தெரியும்." அடுத்ததை எடுத்து ஊதினான். "எங்கப்பா சொல்லிக் குடுத்தது. உங்க ஷெட்டுல காலமெல்லாம் அவரு ஊதிதான உங்ககிட்ட எடுத்துக் குடுப்பாரு?"

"யாரு, யேசுதாஸா?"

"பின்ன? ஒன்னொன்னா ஊதித் தொடச்சி குடுப்பாராம். நீங்க கீழ படுத்துக்கினு வாங்கி வாங்கி மாட்டுவீங்களாம். எங்க வூட்ல இன்னிக்கும் அதே பேச்சுதான்." சிரித்தான். "டீ சொல்லட்டுமா அங்கிள்?"

அம்மா, இந்த இடத்தைத் தம்பி கவனமாக டைப் அடிக்கட்டும். இஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவனுக்கு இரண்டு கையும் போதாது. ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் போல்ட். நாசிலை எங்கே வைப்பது? வாயில்தான். பல்லில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவோம். என் ஆயுசு முழுவதும் அப்படித்தான் மாட்டினேன். அவன் ஊதிக் கொடுத்ததை நான் கவ்வினேன். எத்தனை லாரி, எத்தனை பஸ், எத்தனை நாசில். டம்ளர் வெளியே ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

டீ வந்தது. ஒரே மாதிரி நாலு கிளாஸ். எது யாருடையது என்று எந்த அடையாளமும் இல்லை. குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம்.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். வேப்பங்குச்சியால் தேய்த்தேன். புளியைக் கரைத்து, பித்தளை விளக்குகிற மாதிரி நாக்கை விளக்கினேன். போகவில்லை. நேற்றுப் பட்ட எச்சில் என்றால் கழுவலாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் பட்ட எச்சிலை எதை வைத்துக் கழுவுவது? அது சதையாகிவிட்டது. சோற்றைப் பிசைந்தால் அந்தக் குமிழி கண்ணில் வரும். என் பேத்தி அகிலா, "இன்னா தாத்தா, நாக்கெல்லாம் ரத்தம்?" என்று கேட்டாள். முறுக்கு குத்தியது என்றேன்.

அகிலாவும் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். பிரேம்நாத்தின் அதே பஸ்தான். சத்யராஜின் தங்கை சிம்ரனும் அதில்தான் போவாள். டிரைவர் பக்கத்தில் இஞ்சினை மூடியிருக்கிற பானெட் இருக்கிறதே, அதன்மேல் சாக்கை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரே காதுபோனில் ஆளுக்கு ஒரு பக்கம் பாட்டுக் கேட்பார்கள். ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பஸ்ஸின் இஞ்சினைச் சத்யராஜ் முழுக்கப் பிரித்து வேலை செய்தான். ஒரு நாள் காலை என் ஷெட்டுக்கு வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அந்த அளவுக்கு அவன் அப்பன் வளர்த்திருந்தான்.

"அங்கிள், இன்னிக்கு ஆயில் சம்ப் மூடறேன். மூடறதுக்கு முன்னாடி நீங்க வந்து ஒருவாட்டி பாத்துடுங்க."

"நான் எதுக்குப்பா? நீ படிச்சவன்."

"அட, வாங்க அங்கிள். எனக்கு இது மொத பெரிய வேல. மொதலாளி கண்ணு பட்டு மூடுனாதான் இஞ்சின் நிக்கும்னு அப்பா ஒரே தொல்ல பண்றாரு."

எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சம்ப் என்பது இஞ்சினின் அடித்தொட்டி. அதை மூடிவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கமுடியாது. அதனால் மூடுவதற்கு முன் மூத்தவன் ஒருவன் கண்ணால் பார்த்து, கையால் தடவி, "மூடு" என்று சொல்லவேண்டும். அது ஆசீர்வாதம் மாதிரி. கூப்பிட்டால் போகாமல் இருக்கக்கூடாது. போனேன்.

இஞ்சினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். ஆறு நாசிலும் ஆறு குஞ்சுகள் இரை கொத்துகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தன. வேலை சுத்தம். எங்கும் ஒரு பிசிறு இல்லை. நான் பார்த்த நல்ல வேலைகளில் அது ஒன்று என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஆறிலும் அவன் மூச்சு போயிருக்கிறது என்பதுதான்.

"பாத்துக்கினு இருங்க அங்கிள், பேக்கிங் வாங்கிக்கினு வந்துடறேன்" என்று, சம்ப் விளிம்பில் வைக்கிற அந்த அட்டைக்காக வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். யாரும் இல்லாத ஷெட்டில், திறந்த இஞ்சினோடு என்னை விட்டுவிட்டுப் போனான்.

எங்கள் பக்கத்து ஷெட்களில் கை துடைக்கத் தறிக் கழிவுதான் வாங்குவோம். பட்டு நூல் துண்டுகள், மூட்டையாக வரும். அவன் மூட்டையிலிருந்து நாலு இழை உருவினேன். தறியில் பழைய பாவு, அதாவது நெடுக்கு நூல், முடிந்ததும், புதுப் பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். பாவு புணைப்பது என்போம். முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, இழுத்தால் அவிழாது. அது எங்கள் வீட்டுக் கை. நூல் முனையை நாக்கில் நனைத்து, ஆறாவது நாசிலைக் கழற்றி, பின்பக்கமாக நூலைக் கோத்து இழுத்து, உள்ளே தக்கை மாதிரி இறுக முறுக்கினேன். எண்ணெய் பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் இறுகும். நுனியில் வெளியே தெரிந்ததை நகத்தால் கிள்ளினேன். ஒரே போல்ட், திரும்ப மாட்டிவிட்டேன். கம்ப்ரஸர் வைத்தாலும் சரி, அவன் கன்னம் கிழிய ஊதினாலும் சரி, காற்று போகாது. எத்தனையோ வருஷத்தில் ஒரு நாசிலாவது அவர்கள் ஊதமுடியாததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன்.

அவன் திரும்பி வந்து, "இன்னா அங்கிள், ஓக்கேவா?" என்றான்.

"மூடு" என்றேன்.

குனிந்து என் காலைத் தொட்டான். நான் காலை இழுத்துக்கொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பான்.

நான் நினைத்ததெல்லாம் இஞ்சின் இறுகும், வண்டி நடுரோட்டில் நிற்கும், கம்பெனிப் பெண்கள் இறங்கி நின்று திட்டுவார்கள், அவன் பெயர் கெடும், அவ்வளவுதான். உயிர் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அகிலாவை அந்த வாரம் வேலைக்குப் போகவேண்டாம் என்று சொன்னது உண்மைதான். அவளை நீங்கள் கேட்டால் சொல்லத்தான் போகிறாள், நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சளி. அவள் இல்லை என்றாள். பேத்திக்குச் சளி பிடித்திருப்பது தாத்தாவுக்குத்தான் முதலில் தெரியும். நொச்சி போட்டு ஆவி பிடிக்கவைத்தேன். காலையில் அவள் செருப்பை எடுத்து ஒளித்துவைத்தேன். விளையாட்டுக்குத்தான்.

பஸ் தினமும் எங்கள் தெருமுனையில் நின்றுதான் போகும். முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் பாதிப் பேர் லீவு, பாரம் இல்லை. அடுத்த நாள் நிறைய ஏறினார்கள். டிரைவர் கதிர்வேல் என்னைப் பார்த்து, "வா பெருசு, வாலாஜாபாத்ல வுட்டுட்றேன். புது இஞ்சின், பட்டாட்டம் போவுது" என்றான். எனக்கு அங்கே வேலை இல்லை என்றேன். பானெட்மேல் சிம்ரன் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அகிலாவுக்கு இடம் விட்டு சாக்கை விரித்திருந்தாள். "தாத்தா, அகி இன்னிக்கும் வர்லியா? எப்டிதான் இருக்குறா?" என்றாள்.

"சளிம்மா" என்றேன். "நீ போய் வா."

தென்னேரிக்குப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. மிச்சத்தை நீங்கள் நேரில் பார்த்தவர்கள். தண்டு வெளியே வந்து, எண்ணெய் பற்றிக்கொண்டது. ஏறுகிற கதவு முன்பக்கம், தீயும் முன்பக்கம். பின்னால் இருந்தவர்கள் அவசரக் கதவு வழியாகக் குதித்துவிட்டார்கள். செத்தது மூன்று பேர்தான். கதிர்வேல். கமலவேணி, எங்கள் தெருப் பெண், நல்ல குடும்பம், அவளுக்காக மூன்று நாள் என் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அப்புறம் அந்தப் பெண்.

அகிலா என்னை ஒரே ஒரு தடவை கேட்டாள்: "எனக்கு சளியே இல்லியே தாத்தா. என்னிய ஏன் போவ வாணான்னு சொன்ன?" அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. நான் குடித்த டம்ளரைக்கூடத் தொடுவதில்லை. ஏன் என்று புரியவில்லை. நான் தினமும் குளிக்கிறவன்.

சத்யராஜை நீங்கள் தங்கையின் அடக்கத்தன்றே அழைத்துக்கொண்டு போனீர்கள். சாயங்காலம் யேசுதாஸ் என் ஷெட்டுக்கு வந்தான். வெளியே, பழைய இடத்திலேயே குந்தினான்.

"மொதலாளி, பொண்ணும் போய்ட்டுது, புள்ளயயும் இட்டுக்கினு பூட்டாங்க. அவன் அசால்ட்டா வேல செய்றவனா? நீங்கதான கண்ணால பாத்து மூடச் சொன்னீங்க. உங்க வாயால ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லுங்க மொதலாளி. அவங்கம்மா பொன்னி சாப்டாம கெடக்குறா."

ஆணியில் தொங்கிய டம்ளரைக் கழுவி, அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். கடவுள் இருக்கிறார் என்றேன். அவன் குடித்துவிட்டு, வழக்கம்போல் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். மறுநாள் உங்கள் ஆள் வந்து கேட்டபோது, "நான் பார்த்தவரைக்கும் சரியாக இருந்தது, அப்புறம் அவன் என்ன செய்தானோ" என்று சொன்னேன். அதுவும் உங்களிடம் எழுத்தில் இருக்கும்.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். எனக்கு இங்கே வரவேண்டிய வேலையே இருந்திருக்காது. ஆனால் நீங்கள் இஞ்சினைப் பிரித்தீர்கள். ஆறாவது நாசிலில் கருத்துப்போன நூல் இருந்தது. கழிவு நூல் தவறி விழுந்திருக்கும் என்றார் உங்கள் நிபுணர். உங்களுக்குச் சந்தேகம். பாவு புணைக்கிற வீராசாமியைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவன் ஒரு பிசிறைக் கிள்ளிக் கொளுத்தி, முடி கருகுகிற வாசனையை மோந்து, பட்டு என்றான். பிறகு முறுக்கைப் பார்த்து, இது தானாக விழுந்ததில்லை, கையால் புணைத்தது என்றான்.

அவன் அதோடு வாயை மூடியிருக்கலாம். நேராக டீக்கடைக்கு வந்தான்.

"இன்னா கைடா அது! என் சர்வீஸ்ல அந்த மாரி முறுக்கு பாத்ததில்ல. நெருப்புல வெந்தும் அவுறல."

"யாரு கையி?" என்று கேட்டார் கடைக்காரர் முருகேசன்.

"வேற யாரு? சத்யராஜ்தான். அவங்கம்மா பொன்னியம்மா எங்கிட்ட பாவு புணைக்க வந்துக்கினு இருந்தவதான. அவ கை அப்டியே புள்ளைக்கு வந்துக்குது. ஏன் வெச்சான்னுதான் தெரியல. ஆனா கையின்னா அது கை."

நான் டீயைக் கீழே வைத்தேன். "அது என் கைப்பா" என்றேன். "நாந்தான் வெச்சேன்."

கடையே சிரித்தது. "அட்ரா சக்க! வேப்பமரத்துப் பிஸ்டன் புள்ளயாரு, இப்போ இது" என்றான் வீராசாமி. "அடுத்து சுனாமியக்கூட நாந்தான் வுட்டன்னு சொல்லு, மாணிக்கம்." முருகேசன் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, எனக்கு இன்னொரு டீ கொடுத்தார்.

மறுநாளும் சொன்னேன். அன்றும் சிரித்தார்கள். பொன்னியம்மாள் மகன் கை, பொன்னியம்மாள் மகன் கை என்று பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேச்சு. தறிக்காரர்கள் மெச்சுகிறார்கள், அம்மா. என் அப்பன், பாட்டன் வழியில் எனக்கு வந்த கையை, அந்த வாய்க்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து மறுபடி சோறு இறங்கவில்லை. மறுபடி அந்தக் குமிழி.

அவனைக் காப்பாற்ற வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் வெளியே வருவது உங்கள் பாடு, அவன் பாடு. எனக்கு வேண்டியது, அந்த நூலைப் புணைத்தது யார் என்று கோர்ட்டில் சரியாகப் படிக்கவேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் நாலு இழை கொடுங்கள். இதே மேஜைமேல் புணைத்துக் காட்டுகிறேன், வீராசாமியைக் கூப்பிட்டு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். போலீசிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது என்று வக்கீல்கள் சொல்வார்களாம். மாஜிஸ்திரேட்டிடமும் ஒரு எழுத்து மாறாமல் இதையே சொல்வேன்.

அதனால் கடைசியில் இப்படி அடித்துக்கொள்ளுங்கள், தம்பி: பஸ்ஸின் ஆறாவது நாசிலை அடைத்தது நான். அது வழியில் இறுகும் என்று தெரிந்து, பேத்தியை வீட்டில் நிறுத்திவிட்டு, மற்றவர்களை ஏற்றி அனுப்பியதும் நான்தான். யார்மேலும் எனக்கு விரோதம் கிடையாது. சாதி, மதம் பார்த்து நான் எதையும் செய்யவில்லை. சுத்தம் பார்க்கிறவன், அவ்வளவே.

கையெழுத்து எங்கே, இங்கேயா? கொடுங்கள். இந்தப் பேனாவா, அம்மா? போன வாரம் சத்யராஜும் இதில்தான் போட்டானா? அப்படியென்றால் வேறு பேனா வரட்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.